மார்ஃபின் மாத்திரையை அம்மா அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் ஒளிச்சு வெச்சிருக்காங்க. என்ன செய்யறது?

பவானி மகள் | ஞாயிறு, இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மூணு நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன். இன்னைக்குத்தான் எழுதறேன்.

அப்பாவுக்கு 67 வயசு. ஜமுக்காளத் தறிக்காரர். நாப்பது வருசம் குழித்தறியில கால விட்டு உக்காந்தவர். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி புராஸ்டேட் கேன்சர்னு தெரிஞ்சுது. ஊசி, மாத்திரை, கீமோன்னு எல்லாம் பார்த்தாச்சு. இப்ப இடுப்பெலும்புலயும் முதுகெலும்புலயும் பரவிருச்சு. இனி கீமோவ உடம்பு தாங்காது, வலி இல்லாம வெச்சுக்குங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

அந்த "வலி இல்லாம"ங்கறதுதான் எங்க வீட்டுல நடக்க மாட்டேங்குது. டிரமடால்ங்கற வலி மாத்திரை நாளைக்கு நாலு தடவை, கூடவே பாரசிட்டமால். ராத்திரி ஒரு மணிக்கு மேல கட்டில் கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கறார். கத்த மாட்டார். பல்லக் கடிக்கற சத்தம் மட்டும் பக்கத்து அறைக்குக் கேக்கும். விடிஞ்சு பார்த்தா உள்ளங்கையில கம்பியோட தடம் செவசெவன்னு இருக்கு.

போன வியாழக்கிழமை டாக்டர் டிரமடால நிறுத்திட்டு மார்ஃபின் 10 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாதிப் பாதியா, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா. சித்தப்பா சீட்டப் பார்த்துட்டு, "இது கடைசி மருந்து. இத ஆரம்பிச்சா எண்ணி நாலு நாள்தான்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னைக்கே அம்மா அந்த அட்டைய எடுத்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில வெச்சுட்டாங்க. அப்பா தாங்க முடியாம வாய் விட்டுக் கேட்டா மட்டும் பாதி மாத்திரை வரும். நாளைக்கு ஒருக்கா, மிஞ்சினா ரெண்டு தடவை. குடுத்தா கொஞ்ச நேரத்துல கண் அசர்றார். மூணு மணி நேரம் கழிச்சு மறுபடியும் கம்பி.

அம்மாகிட்ட சண்டை போட்டுப் பார்த்துட்டேன். "உங்கப்பன நானே கொல்லணுமா?"ன்னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல எனக்குப் பேச வரல. இந்த மருந்து உசுரச் சுருக்குமா? இதுக்கு அடிமை ஆயிருவாரா? இப்பவே குடுத்துத் தீர்த்துட்டா, நாளைக்கு வலி இன்னும் கூடும்போது குடுக்க என்ன இருக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காவிரிக்கரை | திங்கள், காலை 6.15

தங்கச்சி, என் மாமனாருக்கு வாயில புற்று. நாங்களும் இதே மாதிரி "அப்புறம் வேணும், அப்புறம் வேணும்"னு சேர்த்து வெச்சோம். அவர் போன பிறகு மருந்து டப்பாவுல 41 மாத்திரை மிச்சம் இருந்துச்சு. அந்த 41ஐயும் நான் எண்ணினேன். இன்னைக்கும் மறக்கல. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. சேர்த்து வைக்காதீங்க.

தணிப்பு மருத்துவர் | திங்கள், காலை 7.50

பவானி மகளுக்கு, முதலில் ஒன்று. உங்கள் அம்மாவிடம் கோபப்படாதீர்கள். அவர் செய்வது பாசத்தில் செய்வது. அவருடைய பயத்துக்கு மருத்துவர்களான நாங்களும் காரணம். சாகும் தறுவாயில் மட்டும் மார்ஃபினை எழுதி எழுதி, அது சாவுக்கான மருந்து என்று ஊரை நம்ப வைத்ததே நாங்கள்தான்.

வாயால் எடுக்கும் மார்ஃபின் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். அதற்குப் பிறகு ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும், வலி மேலே வந்துவிடும். வலி வந்த பிறகு கொடுத்தால் மருந்து அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். வருவதற்கு முன்பே கொடுத்தால் குறைந்த அளவே போதும். அதனால்தான் "கேட்டால் கொடு" என்று எழுதாமல் "மணி பார்த்துக் கொடு" என்று எழுதுகிறோம். உங்கள் அப்பாவுக்கு இப்போது மருந்தின் பக்கவிளைவு எல்லாம் கிடைக்கிறது, பலன் மட்டும் கிடைக்கவில்லை.

வழக்கமாக நாங்கள் சொல்லித் தரும் நேரம்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பு அளவு. அப்படிச் செய்தால் நடுராத்திரி 2 மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. உங்கள் கணக்கில் நாலு வேளை அரை அரை மாத்திரை, இரவு ஒரு முழு மாத்திரை. நாளைக்கு மொத்தம் 30 மில்லிகிராம். நடுவில் வலி பீறிட்டால் கூடுதலாக ஒரு வேளை அளவு கொடுக்கலாம், அடுத்த வேளையை அதற்காக நிறுத்தக் கூடாது. இப்படி எத்தனை முறை கூடுதலாகத் தேவைப்பட்டது என்று குறித்து வைத்தால், அதைப் பார்த்துத்தான் நாங்கள் அடிப்படை அளவைக் கூட்டுவோம். ஆனால் இரட்டிப்பு, கூடுதல் வேளை இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிய பிறகே செய்யுங்கள். அவர் கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுகள் என்னிடம் இல்லை.

"நாளைக்குக் குடுக்க என்ன இருக்கும்" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பாரசிட்டமாலுக்கும் டிரமடாலுக்கும் உச்ச அளவு உண்டு. டிரமடால் நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மார்ஃபினுக்கு அப்படி ஒரு கூரை கிடையாது. வலி கூடினால் படிப்படியாக அளவைக் கூட்டலாம். 30 மில்லிகிராமில் நிம்மதியாக இருப்பவரும் உண்டு, 300இல் நடந்து திரிபவரும் உண்டு. இன்று கொடுப்பதால் நாளைக்குத் தீர்ந்துபோகும் மருந்து இல்லை இது.

உயிரைச் சுருக்குமா? சரியான அளவில் ஆரம்பித்து, பார்த்துப் பார்த்துக் கூட்டினால் சுருக்காது. அடிமை ஆவாரா? வலிக்காக எடுப்பவர் நிவாரணத்தைத் தேடுகிறார், போதையைத் தேடுவதில்லை. உடம்பு மருந்துக்குப் பழகும், ஆகவே திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். கதிர்வீச்சுக்குப் பிறகு வலி குறைந்து, மார்ஃபினைப் படிப்படியாக இறக்கி முழுவதும் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் வரும். பாதித் தூக்கம் மருந்தால், மீதி எத்தனையோ ராத்திரி விழித்திருந்த கடன். சிலருக்கு முதல் வாரம் குமட்டல் இருக்கும், அதற்கு மாத்திரை உண்டு. மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. மார்ஃபின் தொடங்கும் அன்றே பைசகோடில் மாதிரி குடலைத் தள்ளும் மாத்திரையும் தொடங்க வேண்டும். ஈசப்கோல், வாழைப்பழம் என்று ஓட்டாதீர்கள். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நோயாளிக்கு ஈசப்கோல் உள்ளேயே கட்டியாகி இன்னும் அடைத்துவிடும்.

தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே இறங்கிவிட்டது என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு. தூங்குகிறவர் கூப்பிட்டதும் கண் திறந்து பதில் சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை.

எனக்கு மூன்று விவரம் வேண்டும். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம் தளர்ந்தால் இந்த எண் கூடும்) கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கால்களில் பலம் எப்படி? வெளியில் யாராவது வலி ஊசி போடுகிறார்களா?

சேலத்து மகன் | செவ்வாய், மதியம் 1.05

டாக்டர் சொல்றது படிக்க நல்லா இருக்கு. என் அம்மாவுக்குப் புதன்கிழமை மார்ஃபின் ஆரம்பிச்சாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி போயிட்டாங்க. ஆரம்பிச்சதுல இருந்து கண்ணே திறக்கல. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. "சுருக்காது"ன்னு எப்படி இவ்வளவு தைரியமா எழுதறீங்க? மார்ஃபின் குடுக்கச் சம்மதம்னு கையெழுத்தப் போட்டவன் நான். இந்தப் பொண்ணையும் போட வைக்காதீங்க.

இரவு டூட்டி | செவ்வாய், இரவு 9.30

சேலத்துத் தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தடவை படிச்சேன். உங்க அம்மாவ நான் பார்க்கல, அதனால இப்படித்தான் நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். 18 வருசமா இந்த மாதிரி நோயாளிக இருக்குற வார்டுலயும் வீடு வீடாவும் போய்ப் பார்த்ததச் சொல்றேன்.

நம்ம ஊர்ல மார்ஃபின ஆரம்பிக்கறதே பெரும்பாலும் கடைசி வாரத்துலதான். கிட்னியும் ஈரலும் நின்னுட்டிருக்கும், சாப்பாடு இறங்காது, கண் தானா மூடற நேரம். அப்ப எதக் குடுத்தாலும், தண்ணியே குடுத்தாலும், ரெண்டு நாள்தான். அந்த ரெண்டு நாளுக்கு முன்னாடி கையில என்ன குடுத்தோமோ அதுதான் மனசுல நிக்கும். அது மாத்திரையா இருந்தா மாத்திரை, ஊசியா இருந்தா ஊசி. ஆறு மாசம், ஒரு வருசம்னு மார்ஃபின் சாப்பிட்டுக்கிட்டே பேரன் கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தவுகள எனக்குத் தெரியும். அவுக வீட்டுல யாரும் அத எமன்னு சொல்ல மாட்டாக.

உங்க கையெழுத்து உங்க அம்மாவுக்கு வலி குறையணும்னு போட்ட கையெழுத்து தம்பி. அதச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுனேன்.

சேலத்து மகன் | செவ்வாய், இரவு 11.20

அவங்களுக்கு டயாலிசிஸ் வேணும்னு அந்த வாரம்தான் சொல்லியிருந்தாங்க. கிட்னி போயிருந்துச்சு. இத யாரும் என்கிட்ட சேர்த்து வெச்சுச் சொன்னதில்ல.

தணிப்பு மருத்துவர் | புதன், காலை 6.40

சேலத்து மகனுக்கு, நீங்கள் சொன்னது மிக முக்கியமான செய்தி. மார்ஃபினை ஈரல் உடைக்கிறது, உடைந்த துண்டுகளைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. அவற்றில் ஒன்று மார்ஃபினைவிட வீரியமானது. சிறுநீரகம் ஓய்ந்துபோனால் அது உடம்பில் தேங்கும். அப்போது அதிகத் தூக்கமும் கை கால் துள்ளலும் குழப்பமும் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு அளவைக் குறைப்போம், நேர இடைவெளியை நீட்டுவோம், அல்லது ஃபென்டனில் மாதிரி சிறுநீரகத்தை அதிகம் நம்பாத மருந்துக்கு மாறுவோம். உங்கள் அம்மாவுக்கு அதை யாராவது யோசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. யோசித்திருந்தால் உங்களை உட்கார வைத்து விளக்கியிருக்க வேண்டும். விளக்காதது தவறுதான். நீங்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது, நான் அதை மறுக்க மாட்டேன்.

மருந்தாளுநர் | புதன், காலை 10.10

"எங்க ஊர் மெடிக்கல்ல மார்ஃபின் கிடைக்கல"ன்னு வேற ஒரு இழையில நாலு பேர் எழுதியிருந்தாங்க. அதனால இதையும் இங்கயே சொல்லிடறேன்.

தெருமுனைக் கடையில கிடைக்காது. 1985ல வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல தண்டனை கடுமை. மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைக்கவே வெவ்வேறு துறைகள்ல பல உரிமம் வாங்கணும், எல்லாம் ஒரே நேரத்துல செல்லுபடியாகணும். எதுக்கு இந்த வம்புன்னு பெரும்பாலான இடத்துல வைக்கறதயே விட்டுட்டாங்க. ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் எழுதிப் பழகாமலே படிச்சு முடிச்சாங்க. 2014ல சட்டத்தத் திருத்தினாங்க. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உட்பட ஆறு மருந்துகள அத்தியாவசியப் பட்டியலுக்குக் கொண்டு வந்தாங்க. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம்னா மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகிட்ட ஒரே அனுமதி வாங்கினாப் போதும்.

ஆக, நீங்க கேக்க வேண்டிய கேள்வி "மார்ஃபின் இருக்கா"ங்கறது இல்ல. "இங்க வலி தணிப்புப் பிரிவு இருக்கா, மார்ஃபின் வைக்க அங்கீகாரம் இருக்கா"ன்னு கேளுங்க. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, புற்றுநோய் மையம், இந்த மூணுல தேடுங்க. அரசு மருத்துவமனையில காசு கிடையாது. நோயாளி வர முடியலன்னா வீட்டாள் போகலாம். நோயாளியோட அடையாள அட்டை, நோய் விவரச் சீட்டு, காலியான அட்டை, மூணையும் கொண்டு போங்க. காலி அட்டையக் கேக்கறது உங்க மேல சந்தேகப்பட்டு இல்ல, பதிவேட்டுல கணக்கு காட்டணும்.

மனசுல இருக்கறது ஒண்ணு. மார்ஃபினுக்கான கசகசாச் செடி மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் உத்தரப் பிரதேசத்துலயும் அரசு உரிமத்தோட விளையுது. காஜிப்பூர்லயும் நீமச்லயும் அரசாங்கமே ஆலை வெச்சிருக்கு. மூலப்பொருள் நம்ம மண்ணுல விளையும்போது, பவானியில ஒருத்தர் கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு விடிய விடியக் கிடக்கறது எனக்குத் தாங்கல.

பவானி மகள் | வியாழன், இரவு 10.30

உங்க எல்லாருக்கும் கை கூப்பறேன்ங்க.

திங்கக்கிழமை காலைல டாக்டர் எழுதினத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அசையல. மதியம் காவிரிக்கரை அண்ணன் எழுதின அந்த 41 மாத்திரைய வாசிச்சேன். அம்மா எழுந்து போய் அஞ்சறைப்பெட்டியத் தூக்கி, அட்டைய எடுத்து என் கையில வெச்சாங்க. அட்டை மேல மஞ்சள் தூள் ஒட்டியிருந்துச்சு. எங்க டாக்டருக்கு ஃபோன் போட்டு ராத்திரி முழு மாத்திரைக்கும் ஒப்புதல் வாங்கிட்டோம்.

நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி, நேரம், மருந்து, வலி எவ்வளவுன்னு கோடு போட்டேன். வலிக்குப் பூச்சியத்துல இருந்து பத்து வரைக்கும் எண் சொல்லச் சொன்னேன். அப்பாவுக்கு அது பிடிபடல. "எத்தன முழம்னு கேளு, சொல்றேன்"னார். அன்னைல இருந்து எங்க வீட்டுல வலிய முழத்துலதான் அளக்கறோம். திங்கள் சாயங்காலம் எட்டு முழம். செவ்வாய் ராத்திரி அஞ்சு. நேத்து ராத்திரி மூணு. நேத்து ராத்திரி கம்பியத் தொடல. பதினொண்ணுல இருந்து நாலரை வரைக்கும் தூங்கினார். அம்மா பக்கத்துல உக்காந்து மூச்ச எண்ணிக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு மணிக்கு நான் போய்ப் பார்த்தப்ப எண்ணிக்கிட்டே அவங்களும் தூங்கிட்டிருந்தாங்க.

ஆனா ரெண்டு விசயம். நாலு நாளா வெளிக்குப் போகல. அப்புறம் இன்னைக்கு மதியத்துல இருந்து தூக்கத்துல கை கால் வெடுக் வெடுக்னு துள்ளுது. டாக்டர் கேட்ட கிரியாட்டினின் மூணு மாசத்துக்கு முன்னாடி பார்த்தது, அப்ப 1.1. கால் பலம் பரவால்ல, நடக்கறார். ஊசி உண்டுங்க. பக்கத்துல ஒரு கிளினிக்குல சாயங்காலம் சாயங்காலம் டைக்ளோஃபினாக் போட்டுட்டு வந்தோம், இருபது நாளா.

தணிப்பு மருத்துவர் | வியாழன், இரவு 10.55

அந்த ஊசியை இன்றோடு நிறுத்துங்கள். எலும்பு வலிக்கு அந்த வகை மருந்து நன்றாகவே கேட்கும், ஆனால் இருபது நாள் தொடர்ந்து, இந்த வயதில், சிறுநீரகத்தைப் பார்க்காமல் போடக் கூடாது. கை கால் துள்ளல் நான் நேற்றுச் சேலத்து மகனுக்கு எழுதிய அதே காரணத்தால் இருக்கலாம். நாளைக் காலை கிரியாட்டினின் பாருங்கள், மருத்துவமனைக்கு நேரிலேயே கூட்டிப் போங்கள். இரவு 10 மணி வேளையை ஏற்கெனவே கொடுத்திருப்பீர்கள். காலை 6 மணி வேளைக்கு முன் உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நீங்களாக முழுவதும் நிறுத்திவிடாதீர்கள், வலி மொத்தமாகத் திரும்பி வரும்.

இன்னொன்று, சிறுநீர் சரியாகப் போகிறதா? அடிவயிறு உப்பலாக இருக்கிறதா? புராஸ்டேட் அடைத்தாலும் சிறுநீர் தேங்கும், மார்ஃபினாலும் தேங்கும், மலம் கட்டினாலும் தேங்கும். முதுகெலும்பில் பரவல் இருப்பதால் இதைச் சேர்த்தே சொல்கிறேன், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்: முதுகு வலி திடீரென்று கூடி, கால் தளர்ந்து, பஞ்சின் மேல் நடப்பது போல் இருந்து, சிறுநீரும் நின்றால் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். அது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம். தாமதித்தால் கால் திரும்பி வராது.

பவானி மகள் | ஞாயிறு, மாலை 5.20

வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போனோம். கிரியாட்டினின் 2.4. அடிவயித்துல கை வெச்சதுமே டாக்டருக்குத் தெரிஞ்சுருச்சு. குழாய் போட்டதும் 900 மில்லி சிறுநீர் வந்துச்சு. வந்ததும் அப்பா விட்ட மூச்சு இன்னும் என் காதுலயே இருக்கு. இடுப்பு வலின்னு நாங்க நினைச்சதுல பாதி இதுதான் போல. எம்ஆர்ஐயும் எடுத்தாங்க, தண்டுவடம் நசுங்கல.

மார்ஃபின கால் மாத்திரையாக் குறைச்சு, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கான்னு மாத்தியிருக்காங்க. கிரியாட்டினின் இறங்கினா மருந்தத் திரும்பக் கூட்டுவாங்களாம். துள்ளல் நின்னுருச்சு. எனிமா குடுத்தாங்க, இப்ப தினமும் ராத்திரி பைசகோடில் ரெண்டு. இடுப்பெலும்புக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு குடுக்கலாம்ங்கறாங்க. ஏற்கெனவே இத்தன வைத்தியம் பார்த்த உடம்புக்கு அதயும் குடுக்கணுமாங்கறதுதான் அம்மாவோட கேள்வி.

தணிப்பு மருத்துவர் | ஞாயிறு, இரவு 8.00

கொடுக்கலாம், தயங்க வேண்டாம். இது நோயைக் குணப்படுத்தும் நீண்ட கதிர்வீச்சு இல்லை. எலும்பு வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே அமர்வு போதும், வாரக்கணக்கில் பிரித்துக் கொடுப்பதற்குச் சமமான நிவாரணம் தரும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலையில் போனால் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். பத்தில் ஆறு பேருக்கு வலி நன்றாகக் குறையும். உடனே குறையாது, சில நாளில் தொடங்கி மூன்று நான்கு வாரம் வரை ஆகும். முதல் இரண்டு நாள் வலி கொஞ்சம் கூடவும் செய்யலாம். அது எதிர்பார்த்ததுதான், அப்போது கூடுதல் வேளை மார்ஃபின் கொடுங்கள், எந்த அளவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

மார்ஃபின் ஒன்றே எல்லா வலிக்கும் பதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நரம்பில் நோய் ஏறினால் எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் வரும், அதற்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை. ஈரல் வீங்கி உறை இழுபடும் வலிக்கும் மூளையில் வீக்கம் வந்து மண்டை பிளக்கும் வலிக்கும் வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன். கணையப் புற்றில் முதுகைத் துளைக்கும் வலிக்கு நரம்புக் கொத்தை மரக்கச் செய்யும் ஊசி. 1986இல் உலக சுகாதார நிறுவனம் மூன்று படி ஏணி ஒன்றைக் கொடுத்தது: முதலில் பாரசிட்டமால் வகை, பிறகு வீரியம் குறைந்த ஓபியாய்டு (மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து), பிறகு மார்ஃபின். 2018 வழிகாட்டியில் அதே நிறுவனம் அந்த ஏணியை ஒரு பொதுக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது. கடும் வலியோடு வருபவரை ஒவ்வொரு படியாக ஏற வைக்க வேண்டியதில்லை.

கோழிக்கோட்டுத் தமிழன் | திங்கள், காலை 9.00

நான் 20 வருசமா கேரளாவுல வேலை. இங்க 1993ல கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில ஒரு சின்ன வலி தணிப்புக் கிளினிக் தொடங்கினாங்க. டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் கூட இருந்தவங்களும். அது பரவி, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள்னு ஆச்சு. 2008ல மாநில அரசே இதுக்குன்னு கொள்கை வெளியிட்டுச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை நானும் ஒரு நர்ஸ் கூட வீடு வீடாப் போறேன். எனக்கு மருந்து தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து பேசுவேன், மருந்து நோட்டு எழுதித் தருவேன், அம்மாமார் குளிச்சுட்டு வர ஒரு மணி நேரம் பார்த்துக்குவேன்.

தமிழ்நாட்டுலயும் 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வர்ற நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. பவானி அக்கா, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல அப்பா பேரப் பதிஞ்சு வையுங்க. சிறுநீர்க் குழாய் மாத்தறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட வேண்டாம்.

யாழ் மண் | திங்கள், மாலை 6.45

எங்கட அம்மாவுக்கும் இதே வருத்தம்தான், மார்புப் புற்று. அவவுக்கு இப்ப ஃபென்டனில் பட்டை ஒட்டுறம். ஒட்டின முதல் நாள் நோவு குறையேல்லை எண்டு தம்பி சுடுதண்ணிப் பையை அதுக்கு மேல வைச்சவன். அவ நல்லா மயங்கிப் போட்டா. சூடு பட்டா மருந்து கூடுதலா இறங்குமோ டொக்டர்?

தணிப்பு மருத்துவர் | திங்கள், இரவு 7.30

ஆமாம், இறங்கும், ஆபத்து. பட்டையின் மேல் வெந்நீர்ப் பை, வெயில், சூடான எண்ணெய்த் தேய்ப்பு எதுவும் கூடாது. கடுமையான காய்ச்சல் வந்தாலும் கவனிக்க வேண்டும். ஒட்டியவுடன் அது வேலை செய்யாது, 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை பழைய மருந்து தொடர வேண்டும். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை வேறு இடத்தில் புதிது. கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். அம்மாவை இன்றே உங்கள் மருத்துவர் பார்க்கட்டும்.

இரவு டூட்டி | செவ்வாய், இரவு 10.15

பவானித் தங்கச்சி, மூணு முழம்னு எழுதியிருந்தீகளே, அந்த மூணு முழமும் உடம்புலதான் இருக்கான்னு ஒருக்கா அப்பாட்ட கேட்டுப் பாருங்க. லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்னு 1967ல நவீன ஹாஸ்பிஸ, அதாவது கடைசிக் காலத்து நோயாளிகளப் பார்த்துக்குற இல்லத்தத் தொடங்குன சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு அம்மா. முதல்ல நர்ஸா இருந்து அப்புறம் டாக்டரானவுக. நோயாளியோட வலியில உடம்பு, மனசு, வீடு, சாமி எல்லாம் கலந்து கிடக்கும்னு அவுக எழுதினாக. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அதப் படிச்சப்ப புரியல. அப்புறம் ஒரு பெரியவரு, மருந்த எவ்வளவு கூட்டினாலும் வலி வலின்னுவாரு. ஒரு நாள் காலு தேய்ச்சுக்கிட்டே பேச்சுக் குடுத்தேன். மூத்த மகன் பதினோரு வருசமா பேசுறதில்லையாம். ஃபோன் போட்டுக் குடுத்தோம். அன்னைக்கு ராத்திரி கூடுதல் மாத்திரை கேக்கல. எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு சொல்ல வரல. கேட்டுப் பார்க்கணும்.

பவானி மகள் | வெள்ளி, இரவு 9.50

கேட்டேங்க அக்கா. ரெண்டு நாள் ஒண்ணும் சொல்லல. இன்னைக்குச் சொன்னார். தறியில பாதியில நின்ன ஜமுக்காளம் ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்பணம் வாங்கியிருக்கார், 2,000 ரூபாய். எங்க யாருக்குமே தெரியாது. "வாங்கின காசுக்கு வேலை முடிக்காமப் போறனே"ன்னு அழுதார். நாளைக்குப் பெரியப்பா மகன் வந்து தறியில உக்காரப் போறான். அப்பா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து சொல்லிக் குடுக்கறேன்னிருக்கார். கதிர்வீச்சு திங்கக்கிழமை.

பவானி மகள் | ஏழு வாரம் கழித்து, சனி, மாலை 4.10

அப்பா வியாழக்கிழமை விடியக்காலைல போயிட்டாருங்க. வீட்டுலதான். அம்மா மடியில.

கதிர்வீச்சுக்கு மூணாவது வாரத்துல இருந்து ஒரு முழத்துக்கு மேல வலி சொல்லல. கடைசி பத்து நாள் மட்டும் திரும்பக் கூடுச்சு, அப்ப மருந்தையும் கூட்டினாங்க. கிட்னி சரியானதும் மார்ஃபின பழையபடி நாலு மணி நேரத்துக்குக் கொண்டு வந்திருந்தாங்க. முழுங்க முடியாமப் போன ரெண்டு நாள் வீட்டுக்கு வர்ற நர்ஸம்மா தோலுக்கடியில ஊசி போட்டுட்டாங்க. புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் பேசினார். ஜமுக்காளம் முடிஞ்சு போயிருச்சு. ஓரம் மடிக்கறத அவரே பார்த்துச் சொன்னார், கொஞ்சம் கோணல்னு திட்டவும் செஞ்சார். மருந்து எல்லா வேளையும் அம்மா கையாலதான். வேற யாரையும் குடுக்க விடல.

நோட்டுல அம்பது நாளைக்கு மேல எழுதியிருக்கோம். மாத்திரை மிச்சம் இருக்கு. இது என்ன பண்ணணும்? பக்கத்துத் தெருவுல ஒருத்தருக்கு வயித்துல கேன்சர், வலியில துடிக்கறார், குடுங்கன்னு கேக்கறாங்க. குடுக்கலாமா?

சேலத்து மகன் | சனி, மாலை 4.40

தங்கச்சி, அப்பா கடைசி வரைக்கும் பேசினார்னு எழுதியிருக்கீங்க. அத மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

மருந்தாளுநர் | சனி, மாலை 5.30

ஆழ்ந்த அனுதாபங்கள்மா. மாத்திரைய அவருக்குக் குடுக்காதீங்க. அவரோட கிட்னி எப்படி, வேற என்ன மருந்து போகுதுன்னு நமக்குத் தெரியாது. ஒருத்தருக்கு எழுதினத இன்னொருத்தருக்குக் குடுக்கறது சட்டப்படியும் தப்பு. அவங்க வீட்டாள யாரையாவது நீங்க மருந்து வாங்கின பிரிவுக்கே கூட்டிட்டுப் போங்க, அதே நாள்ல அவங்களுக்கும் பதிவு போட்டுக்கலாம். மிச்ச மாத்திரைய அங்கயே ஒப்படைச்சிருங்க, உங்க முன்னாடியே எண்ணி எழுதச் சொல்லுங்க. குப்பையில போட வேண்டாம்.

பவானி மகள் | செவ்வாய், பகல் 12.20

குடுத்துட்டேங்க. 17 மாத்திரை. எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. பக்கத்துத் தெரு அண்ணியும் கூட வந்தாங்க, அவங்களுக்கு இன்னைக்கே எழுதிக் குடுத்துட்டாங்க. மணி பார்த்துக் குடுக்கறது எப்படின்னு பஸ்ஸுல வரும்போது அவங்களுக்கு அம்மாதான் சொல்லிக்கிட்டு வந்தாங்க.